பழைய அமெரிக்க போலீஸ் சதுரங்கக் காய்கள்: தொப்பியில் தொடங்குங்கள்

போலீஸ் உருவத்தில் காய் செய்தால் பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்தான். எல்லாருக்கும் ஒரே சீருடை. பிஷப் எது, சிப்பாய் எது என்று பாதி ஆட்டத்தில் குழம்பிப்போகும். ஆடுபவர் காய்களை மேலிருந்துதான் பார்க்கிறார், முதலில் கண்ணில் படுவது தொப்பி.

கருப்பு அணிக்கு 1890களின் நியூயார்க் நகரப் போலீஸ்: கருநீல நீளக் கோட்டு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், உயரமாகக் குவிந்த ஹெல்மெட். வெள்ளை அணிக்கு 1917-இல் உருவான நியூயார்க் மாநிலப் போலீஸ்: சாம்பல் சீருடை, அகல விளிம்புத் தொப்பி. விளக்கை மங்கவைத்தாலும் இந்த இரண்டும் ஒன்றுபோல் தெரியாது.

உயரம் ராஜாவுக்கு 95 மி.மீ., ராணிக்கு 85, பிஷப்புக்கு 70, குதிரைக்கு 60, யானைக்கு 55, சிப்பாய்க்கு 50. சிப்பாயின் அடித்தட்டு 28 மி.மீ. விட்டம் என்றால் கட்டத்தின் பக்கம் 56 மி.மீ. அகலத் தொப்பியின் விளிம்பு அடித்தட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பக்கத்துக் காயில் இடிக்கும்.

பிஷப்புக்குத் துப்பறிவாளர்: நகர அணிக்கு பௌலர் (உருண்டை முடிகொண்ட கெட்டித் தொப்பி), மாநில அணிக்கு ஃபெடோரா (நடுவில் பள்ளம் விழுந்த மெத்துத் தொப்பி). நகர ராணிக்குத் தரைதொடும் பாவாடை அணிந்த போலீஸ் மேட்ரன், அதாவது காவல் நிலையத்தில் பெண் கைதிகளைக் கவனித்த பெண் ஊழியர். மாநிலப் படையில் பெண்கள் சேர்ந்தது 1970களில்தான், அதனால் அங்கே ராணிக்கு நீள மேலங்கி அணிந்த அதிகாரியே பொருந்தும். யானை நகரத்துக்குத் தெருமுனை அழைப்புப் பெட்டி (போலீஸ் நிலையத்தைத் தொடர்புகொள்ளும் பெட்டி), மாநிலத்துக்குக் கூரை வைத்த முகாம் கட்டடம். குதிரைமேல் ஆள் வேண்டாம்: 60 மி.மீ.க்குள் இரண்டையும் அடக்கினால் கால்கள் ஈர்க்குச்சியாகி ஒடியும். கடிவாளம் பூட்டிய தலையும் மார்பும் போதும்.

உருவத்துக்கு பாலிமர் களிமண் (அடுப்பில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) நல்லது. 1.5 மி.மீ. கம்பியில் அலுமினியத் தாளை இறுகச் சுற்றி, அதன்மேல் 4 மி.மீ. களிமண் போடுங்கள். தாள் தளர்வாக இருந்தால் உள்ளே சிக்கிய காற்று விரிந்து வெடிப்பு விடும். 8 மி.மீ. தடிமனுள்ள அடித்தட்டு பச்சையாக இருக்கும்போதே அதன் அடியில் 25 மி.மீ. இரும்பு வாஷரை அழுத்திக் குழி எடுத்துவிட்டு, வாஷரை வெளியே எடுத்துவிடுங்கள். சுட்டபின் எடைக்காக மூன்று வாஷர்களை அந்தக் குழியில் எபாக்ஸிப் பசையால் ஒட்டி, அடியில் ஃபெல்ட் துணி வைக்கலாம்.

சிப்பாயின் லத்தியைக் கவனியுங்கள். அடித்தட்டு போக ஆள் 42 மி.மீ., அதாவது உண்மை ஆளின் உயரத்தில் ஏறத்தாழ 42-இல் ஒரு பங்கு. இரண்டடி லத்தி 14 மி.மீ. நீளமாகும், தடிமன் 1 மி.மீ.கூட வராது. கண்ணுக்கு அது மயிரிழை. 1 மி.மீ. எஃகுக் கம்பியைச் செருகி, களிமண் பூசி 2 மி.மீ. ஆக்கி, காலோடு ஒட்டி நிறுத்துங்கள். நீட்டிய கையில் கொடுத்தால் முதல் வாரத்திலேயே முறியும்.

பொட்டலத்தில் சொன்ன வெப்பநிலையில் 6 மி.மீ.க்கு 30 நிமிடம் என்ற கணக்கில் சுடுங்கள். அடுப்பின் குமிழை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். சாம்பல் நிறம் சீக்கிரம் பழுப்பேறும், அதனால் மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல மூடுங்கள்.

வண்ணத்துக்கு அக்ரிலிக். ஸ்ப்ரே வார்னிஷ் பலவற்றிலுள்ள கரைப்பான் களிமண்ணை நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும். நீர் கலந்த வார்னிஷைத் தூரிகையால் பூசுவதே பாதுகாப்பு. பொத்தான்களுக்குப் பல்குச்சி முனையால் பித்தளை நிறப் புள்ளி, வரிசைக்கு நான்கு.