கல்ஃப் வெயில்ல வீட்டு ஏசி மக்கர் பண்ணா என்ன பாக்கணும், எவ்வளவு செலவாகும்

ஜூன் பொறந்தா போதும், எங்க பில்டிங் வாட்ஸ்அப் குரூப்ல தினம் ஒரு மெசேஜ் வந்துரும். "தெரிஞ்ச ஏசிக்காரர் நம்பர் இருந்தா குடுங்க, ராத்திரி பூரா புள்ள தூங்கல." நான் ஷார்ஜால குடும்பத்தோட இருக்கேன், மூணு வீடு மாறியாச்சு, விண்டோ ஏசி, ஸ்ப்ளிட், இப்ப சீலிங்குக்குள்ள இருக்குற டக்ட் ஏசின்னு எல்லாத்தோடயும் மல்லுக்கட்டியாச்சு. அதுல தெரிஞ்சுகிட்டதை எழுதுறேன். விலையெல்லாம் ஷார்ஜா, அஜ்மான், துபாய் பக்கம் எனக்கும் பக்கத்துல இருக்குறவங்களுக்கும் கேட்ட விலை, திர்ஹம்ல. உங்க ஏரியால கொஞ்சம் ஏறும் இறங்கும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஏசி குளிர உண்டாக்குற மெஷின் இல்ல, ரூம்ல இருக்குற சூட்டை எடுத்து வெளிய தள்ளுற மெஷின். வெளியவே 47 டிகிரி இருந்தா அது எங்க தள்ளும்? சாதாரண ஏசியோட கெப்பாசிட்டிய வெளிய 35 டிகிரின்னு வச்சுத்தான் டெஸ்ட் பண்றாங்க, அதுக்கு டி1னு பேரு. கல்ஃபுக்கு வேண்டியது டி3, அது 46 டிகிரில டெஸ்ட் பண்ணது. புது ஏசி வாங்கும்போது டன் எவ்வளவு, ஸ்டார் எவ்வளவுன்னு மட்டும் பாக்காம பின்னாடி ஸ்டிக்கர்ல டி3 போட்டிருக்கான்னு பாருங்க. அதுலயும் மொட்டை மாடில வெயில்ல நிக்கிற அவுட்டோர் யூனிட்டை சுத்தி இருக்குற காத்து, நியூஸ்ல சொல்ற டெம்பரேச்சரை விட இன்னும் சூடாத்தான் இருக்கும்.

அதனால மத்தியானம் 3 மணிக்கு ரூம் 24க்கு வராம 26லயே நிக்குதுன்னா உடனே ரிப்பேர்னு முடிவு கட்டாதீங்க. கிச்சன்ல வச்சிருக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்து, ஏசி காத்தை உள்ள இழுக்குற இடத்துல ஒரு தடவ, குளிர்ந்த காத்து வர்ற இடத்துல ஒரு தடவ பாருங்க. வித்தியாசம் 8ல இருந்து 12 டிகிரி வரைக்கும் இருந்தா ஏசி அதோட வேலைய செய்யுதுன்னு அர்த்தம், அப்ப ஜன்னல் கர்ட்டன், கதவிடுக்கு, வெயில் அடிக்கிற சுவர் இதைத்தான் கவனிக்கணும். 5, 6 தான் இருக்குன்னா ஏதோ கோளாறு. ரிமோட்ல 18 வச்சா சீக்கிரம் குளிரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, சாதாரண ஏசில அப்படி கிடையாது, கேஸை அமுக்கிச் சுத்த விடுற கம்ப்ரசர் ஒரே வேகத்துல தான் ஓடும், 18 வச்சா அது நிக்காம ஓடி தேயும், அவ்வளவுதான்.

கோளாறு இருக்குன்னு தெரிஞ்சா மொதல்ல ஃபில்டர். ஷமால்னு சொல்ற மணல் காத்து அடிச்ச மறுநாள் எங்க ஹால் ஃபில்டரை கழட்டுனேன், வலையே தெரியல, சாம்பல் கலர்ல கம்பளி மாதிரி ஒரு படை, நகத்தால கீறுனா அப்படியே உரிஞ்சு வருது. பாத்ரூம்ல வச்சு கழுவுனா செம்மண் குளத்துத் தண்ணி மாதிரி ஓடுது. இத்தனைக்கும் மூணு வாரம் முன்னாடிதான் கழுவுனது! இங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கழுவியே ஆகணும், நிழல்ல நல்லா காயவச்சு மாட்டணும், செலவு ஒண்ணும் இல்ல. ஃபில்டர் அடைச்சு காத்து போகலைன்னா உள்ள இருக்குற காயில், அதாவது கேஸ் ஓடுற குழாய்ச் சுருள் மேல ஐஸ் கட்டிரும். ஐஸ் பாத்தா கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வச்சு சுரண்டாதீங்க, காயில்ல ஓட்டை விழுந்துரும். கூலிங்கை நிறுத்திட்டு ஃபேன் மட்டும் ரெண்டு மூணு மணி நேரம் ஓட விடுங்க, தானா உருகிரும்.

அடுத்தது அவுட்டோர் காயில். மத்தியானம் 20 நிமிஷம் ஓடி நின்னு, ராத்திரி மட்டும் ஒழுங்கா ஓடுதுன்னா முக்கால்வாசி இதுதான், தூசி அடைச்சு சூடு வெளிய போக முடியாம கம்ப்ரசர் தன்னைக் காப்பாத்திக்க தானே நின்னுரும். பால்கனில கைக்கு எட்டுற யூனிட்டா இருந்தா பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு சாதாரண தண்ணி பைப்பால மெதுவா கழுவலாம், பிரஷர் கன் வச்சு அடிச்சா அந்த மெல்லிசு தகடெல்லாம் மடங்கி காத்து போற வழியே அடைச்சுரும். வெளிச்சுவர்ல தொங்குறது, மாடில இருக்குறதுக்கெல்லாம் நீங்க ஏறாதீங்க, ஆள் வச்சே பண்ணுங்க. சாதாரண சர்வீஸ் ஒரு ஏசிக்கு 100 - 150, காயிலை நல்லா கெமிக்கல் போட்டு கழுவ 200 - 300. இதை மார்ச், ஏப்ரல்லயே பண்ணிட்டா விலையும் கம்மி, ஆளும் சொன்ன நேரத்துக்கு வருவாங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது, கெப்பாசிட்டர், கம்ப்ரசரும் ஃபேனும் ஸ்டார்ட் ஆகி ஓட உதவுற சின்ன பார்ட். ஊர்ல ஃபேன் ரிப்பேர்காரங்க கண்டன்சர்னு சொல்ற அதே அயிட்டம்தான், ஆனா ஏசில கண்டன்சர்னா வெளிய இருக்குற காயில், ஃபோன்ல பேசும்போது குழப்பிக்காதீங்க. ஒரு ஜூலை ராத்திரி எங்க பெட்ரூம் ஏசில காத்து வருது, குளிரே இல்ல. மொதல்ல வந்தவர் மாடிக்கு போயிட்டு அஞ்சே நிமிஷத்துல இறங்கி வந்து கம்ப்ரசர் போயிருச்சு, 1,800 ஆகும்னாரு. மனசு ஒப்பல. மறுநாள் காலைல வேற ஒருத்தரை கூப்பிட்டேன், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அவரோட நானும் மாடிக்கு போனேன். யூனிட் ம்ம்ம்னு முனகுது, ரெண்டு மூணு செகண்ட்ல டக்னு ஒரு சத்தம், அப்புறம் அமைதி, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அதே முனகல். மூடியக் கழட்டி உள்ள இருந்து ஒரு வெள்ளி டப்பாவ எடுத்து என் கைல குடுத்தார். மேல் பக்கம் தட்டையா இருக்க வேண்டியது பூரி மாதிரி உப்பி இருந்துச்சு, ஓரத்துல எண்ணெய் கசிஞ்சு பிசுபிசுன்னு தூசி ஒட்டியிருந்துச்சு. "இதுதாண்ணே செத்துருச்சு, கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு"ன்னார். புதுசு மாட்டுனதும் ஒரே தடவைல ஸ்டார்ட் ஆச்சு, மொத்தம் 120 வாங்கிகிட்டார். 1,800க்கும் 120க்கும் நடுவுல இருந்தது மூடியக் கழட்டிப் பாத்த பத்து நிமிஷம்தான்.

சூட்டுல சீக்கிரம் சாகுற பார்ட் இது, 10 டிகிரி சூடு ஏறுனா அதோட ஆயுசு பாதியாகும்னு எலக்ட்ரிக்கல் ஆளுங்க கணக்கு சொல்லுவாங்க. அதனால யாராச்சும் கம்ப்ரசர் போயிருச்சுன்னு சொன்னா "கெப்பாசிட்டர் செக் பண்ணீங்களா, மீட்டர்ல எவ்வளவு காட்டுச்சு"ன்னு கேளுங்க. டப்பா மேலயே 45+5ன்னு இந்த மாதிரி போட்டிருக்கும் (மைக்ரோஃபாரட் கணக்கு, பெருசு கம்ப்ரசருக்கு, சின்னது ஃபேனுக்கு), மீட்டர்ல அதுக்கு ரொம்ப கீழ காட்டுனா மாத்தணும். வேலையோட சேத்து 100 - 180. நீங்களா கழட்டாதீங்க, கரண்ட்டை ஆஃப் பண்ணாலும் அதுக்குள்ள சார்ஜ் நிக்கும், தூக்கி அடிச்சுரும்.

ரெண்டாவது பெரிய விஷயம் கேஸ். "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்அப் பண்ணிரலாம், 200 குடுங்க." இதை கேக்காத குடும்பம் இங்க இருக்கவே இருக்காது. ஏசி கேஸ் வண்டி பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற சாமான் இல்ல, மூடுன குழாய்க்குள்ளயே சுத்திகிட்டு இருக்குறது. குறைஞ்சிருந்தா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகுற இடத்த அடைக்காம கேஸ் போட்டா அடுத்த வருஷம் மறுபடி 200, அதுக்கடுத்த வருஷமும் 200. முக்கால்வாசி லீக் காப்பர் பைப்பை அவுட்டோர் யூனிட்ல மாட்டுற நட்டுகிட்டதான் இருக்கும், அந்த இடத்துல எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். யூனிட் கைக்கு எட்டுற இடத்துல இருந்தா, ஆஃப்ல இருக்கும்போது பாத்திரம் கழுவுற சோப்பை தண்ணில கலக்கி ஸ்பான்ஜால தடவிப் பாருங்க, நுரை முட்டை முட்டையா வந்தா அங்கதான் லீக். லீக்கை அடைச்சு, வேக்கம் பம்ப் போட்டு குழாய்க்குள்ள இருக்குற காத்தையும் ஈரத்தையும் இழுத்து, அப்புறம் கேஸ் போடணும், அதுக்கு 350 - 600 ஆகும். வேக்கம் குறைஞ்சது அரை மணி நேரமாச்சும் ஓடணும். அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கர்ல எந்த கேஸ், எத்தனை கிராம்னு போட்டிருக்கும், அதை ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, தராசு வச்சுத்தான் போடச் சொல்லுங்க. ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ், ஆர்410ஏ ரெண்டு கேஸ் கலந்தது, ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணை போட விடாதீங்க.

தண்ணி சொட்டுறது ரியாத், அல் ஐன் மாதிரி உள் பக்கம் இருக்குறவங்களுக்கு கம்மி, நம்மள மாதிரி கடல் ஓரம் இருக்குறவங்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர்ல பெரிய தொல்லை. காத்துல இருக்குற ஈரமெல்லாம் காயில்ல தண்ணியாகி பக்கெட் கணக்குல வரும், வந்த தூசியும் அதோட சேந்து டிரெயின் பைப்புல பாசி மாதிரி கொழகொழன்னு அடைச்சுக்கும், அப்புறம் சீலிங்ல மஞ்சள் கறை, கட்டில் மேல சொட்டு. வேக்கம் கிளீனரை வச்சு இழுத்தோ காத்து அடிச்சோ அடைப்பை எடுப்பாங்க, 100 - 150. கறை தெரிஞ்ச அன்னைக்கே கூப்பிடுங்க, விட்டா ஜிப்சம் போர்டு ஊறி விழுந்துரும், அந்த செலவு தனி.

மத்ததெல்லாம் சுருக்கமா. ஃபேன் மோட்டார் கீச்சுனு சத்தம் போட்டாலோ மெதுவா சுத்துனாலோ மாத்த 300 - 600. கான்டாக்டர்ல (கம்ப்ரசருக்கு கரண்ட் குடுக்குற சுவிட்ச்) மணல், எறும்பு பூந்து ஒட்டிகிட்டா 120 - 200. தெர்மோஸ்டாட் 100 - 250. ஏசிய கன்ட்ரோல் பண்ற பிசிபி போர்டு போனா 400 - 900, டிஸ்ப்ளேல எரர் கோட் வந்தா ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, சரியான பார்ட்டோட வருவாங்க. பிரேக்கர் விழுந்தா ஒரு தடவ போடலாம், மறுபடி விழுந்தா திரும்பத் திரும்ப தூக்காதீங்க, எங்கயோ ஷார்ட் ஆகுது.

நெஜமாவே கம்ப்ரசர் போயிருந்தா ஸ்ப்ளிட்டுக்கு 900 - 1,500, டக்ட் ஏசிக்கு 1,500 - 2,800 வரைக்கும் கேப்பாங்க. ஒன்றரை டன் புது ஸ்ப்ளிட்டே 1,300ல இருந்து கிடைக்குது, அதனால 8 வருஷம் தாண்டுன ஸ்ப்ளிட்டுக்கு கம்ப்ரசர் மாத்துறது வீண்னு நான் நினைக்கிறேன். ஆனா பணம் குடுக்குறதுக்கு முன்னாடி வாரண்டி கார்டை எடுத்துப் பாருங்க, பல கம்பெனி கம்ப்ரசருக்கு மட்டும் தனியா 5 வருஷம், 10 வருஷம்னு குடுத்திருப்பாங்க, நாமதான் மறந்துருவோம்.

வாடகை வீடுன்னா யார் குடுக்கணும்னு அடுத்த கேள்வி வரும். துபாய்ல 2007ஆம் வருஷத்து 26ஆம் நம்பர் சட்டத்துல 16ஆவது பிரிவுப்படி, கான்ட்ராக்ட்ல வேற மாதிரி எழுதாத வரைக்கும் மெயின்டெனன்ஸ் ஓனர் பொறுப்பு. ஆனா நிறைய கான்ட்ராக்ட்ல 500 திர்ஹம் வரைக்கும் நம்ம செலவு, அதுக்கு மேல ஓனர்னு எழுதியிருப்பாங்க, கையெழுத்து போடும்போதே அந்த வரியத் தேடிப் படிங்க. ரிப்பேர் பில்லையும் கழட்டுன பார்ட்டையும் வாங்கி வச்சுக்கோங்க, ஓனர்கிட்ட பேசும்போது அதுதான் கைகுடுக்கும்.

எப்ப கூப்பிடணும்ங்கிறதும் முக்கியம். ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12:30ல இருந்து 3 மணி வரை வெயில்ல வேலை செய்யக்கூடாதுன்னு எமிரேட்ஸ்ல தடை இருக்கு. மாடில தகடு தொட்டா கை வெந்துரும், அந்த நேரத்துல ஏறச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க, அவங்களும் நம்மள மாதிரி குடும்பத்தை விட்டுட்டு வந்தவங்கதான். காலைல 7 மணிக்கு கூப்பிட்டா பொறுமையா பாத்துக் குடுப்பாங்க, குடிக்க குளிர்ந்த தண்ணி குடுங்க. அதுவரைக்கும் கைக்குழந்தை, வயசானவங்க வீட்ல இருந்தா ஃபேனை நம்பி உக்காராம பக்கத்து வீட்டுக்கோ ஃப்ரெண்ட் வீட்டுக்கோ கூட்டிட்டுப் போயிருங்க.

ஜூலைல ஸ்கூல் லீவுக்கு ஊருக்குப் போறவங்க எல்லா ஏசியையும் ஆஃப் பண்ணிட்டு போகாதீங்க. ஒரு வருஷம் நாங்க அப்படி பூட்டிட்டு போயி 40 நாள் கழிச்சு வந்தா அலமாரில இருந்த பட்டுப்புடவை, புள்ளைங்க ஷூ எல்லாத்துலயும் பச்சையா பூஞ்சை, வீடே ஈர வாடை. ஃபில்டரைக் கழுவி மாட்டிட்டு, டிரெயின் பைப்ல தண்ணி ஊத்தி ஓடுதான்னு பாத்துட்டு, ஒரு ஏசிய மட்டும் 27, 28ல வச்சு, ரூம் கதவையும் அலமாரிக் கதவையும் திறந்து போட்டுட்டு, சாவிய பக்கத்து வீட்ல குடுத்து வாரத்துக்கு ஒரு தடவ பாக்கச் சொல்லிட்டுப் போங்க.