குழந்தைகளுக்கு முதல் நாவல் எழுதப் போகிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்

முதலில் வயதை முடிவு செய்யுங்கள். சும்மா 'குழந்தைகளுக்கு' என்றால் போதாது. ஏழு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பதிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கும், பதினோரு வயதுப் பிள்ளையோ தடித்த புத்தகத்தையும் கீழே வைக்காமல் முடித்துவிடும். ஆங்கிலத்தில் 8 முதல் 12 வயதுக்காரர்களுக்கான நாவல் பெரும்பாலும் 30,000 முதல் 50,000 சொற்கள் வரை போகிறது. தமிழில் விகுதிகள் சொல்லோடு ஒட்டியே வருவதால் அதே கதைக்குக் குறைவான சொற்களே பிடிக்கும். முதல் முயற்சிக்கு 10,000 சொற்கள் தாராளம்.

அப்புறம் கதையின் நாயகி அல்லது நாயகன். படிக்கிற பிள்ளையைவிட ஓரிரு வயது மூத்தவராக இருக்கட்டும், பிள்ளைகள் தங்களைவிடப் பெரியவர்களைப் பற்றிப் படிக்கத்தான் ஆசைப்படுவார்கள்.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: சிக்கலைக் கதையில் வரும் அந்தப் பிள்ளையே தீர்க்க வேண்டும். உங்கள் நாயகி நிலா என்ற சிறுமி, பாழுங்கிணற்றில் ஒரு பூனைக்குட்டி விழுந்துவிட்டது என்று வையுங்கள். மாமா வந்து கயிறு கட்டி இறங்கித் தூக்கிவிட்டால் நிலா வெறுமனே வேடிக்கை பார்த்தவள் ஆகிவிடுவாள், கதையும் மாமாவின் கதையாகிவிடும். அதனால் மாமாவை ஏதாவது வேலையாக வெளியே அனுப்பிவிடுங்கள். நிலா கூடையை இறக்குகிறாள், குட்டி மிரண்டு ஒதுங்குகிறது. மறுபடி இறக்குகிறாள், அப்போதும் வரவில்லை. தாய்ப்பூனை படுத்திருந்த சாக்கு அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஓடிப்போய் எடுத்து வந்து கூடைக்குள் விரித்து இறக்கினால், பழகிய வாசனை தெரிந்து குட்டி மெல்ல ஏறிக்கொள்கிறது. ஆனால் ஒன்று, அந்தச் சாக்கை இரண்டாம் அத்தியாயத்திலேயே போகிற போக்கில் காட்டியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் திடீரென்று முளைத்தால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், இந்த விஷயத்தில் அவர்கள் பெரியவர்களைவிடக் கறாரானவர்கள்.

முடிவு தெரிந்துவிட்டதா, சரி, இனி எழுதுங்கள். அத்தியாயங்கள் சின்னதாக, ஒவ்வொன்றும் ஒரு கேள்வியோடு முடியட்டும். முதல் பிரதியை நடுவில் திருத்திக்கொண்டே இருந்தால் அது முடியவே முடியாது.

எழுதி முடித்ததும் சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு உரக்கப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற வாக்கியத்தை உடையுங்கள். 'இதிலிருந்து நிலா கற்றுக்கொண்டது' என்று எங்காவது எழுதியிருந்தால் தயங்காமல் அடித்துவிடுங்கள், கூடையை மூன்றாம் முறை இறக்கியவளைப் பார்த்த பிள்ளைக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், உங்கள் முகத்துக்காக ஆமாம் என்பார்கள். எந்த இடத்தில் நெளிகிறார்கள், எங்கே வேறு பக்கம் பார்க்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கங்களை மட்டும் திரும்ப எழுதுங்கள். படங்களுக்கு இப்போதே அலைய வேண்டாம், பதிப்பகம் கதையை ஏற்றுக்கொண்டால் ஓவியரைப் பெரும்பாலும் அவர்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள்.