சாமான் குவியலுக்குள் ஒரு கோப்பையைக் கண்டுபிடிக்க
மேசை நிறையச் சாமான் கிடக்கிறது, அதில் காபி கோப்பை எங்கே, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று தூரத்தை அளக்கும் டெப்த் கேமரா தரும் 3டி புள்ளிகளிலிருந்து கண்டுபிடிக்க வேண்டுமானால், முதலில் மேசையை நீக்குங்கள். சில புள்ளிகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து ஒரு தளத்தை ஊகித்து, அதிகப் புள்ளிகள் ஒத்துப்போகும் தளத்தையே தேர்ந்தெடுக்கும் ரான்சாக் (RANSAC) முறை 1981-இல் வந்தது, இன்றும் அதற்குப் போதும். அப்புறம் புள்ளிகளை 5 மி.மீ. இடைவெளிக்குக் குறைத்து, ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள வளைவை 33 எண்களில் சொல்லும் எஃப்பிஎஃப்எச் (FPFH) என்ற விவரிப்பை எடுங்கள். கோப்பையின் 3டி மாதிரிக்கும் இதே வேலை.

இரண்டிலும் எண்கள் ஒத்திருக்கும் புள்ளிகளை ஜோடி சேர்த்தால் பெரும்பாலான ஜோடிகள் தப்பாகத்தான் வரும், பயப்படாதீர்கள். மும்மூன்று ஜோடிகளாக எடுத்து, அவை சொல்லும் சுழற்சிக்கும் நகர்வுக்கும் மற்ற ஜோடிகளில் எத்தனை ஒத்துப்போகின்றன என்று எண்ணுங்கள், சரியானது தானாகத் தேறும். கடைசியில், மிக அருகிலுள்ள புள்ளிகளை மீண்டும் மீண்டும் ஜோடி சேர்த்து மாதிரியை நகர்த்தும் ஐசிபி (ICP) முறையை ஓட்டி மி.மீ. கணக்கில் திருத்தலாம், ஆனால் தொடக்க நிலையே தப்பென்றால் அது காப்பாற்றாது. கைப்பிடி மறைந்திருந்தால் கோப்பை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எந்த அல்காரிதமும் சொல்லாது, கேமராவை நகர்த்துங்கள்.