சின்னக் கடைக்கு ஒரு வெப்சைட்: கூகுளில் தெரியும்படி கட்டுவது எப்படி?

கோவை பீளமேட்டில் வெட் கிரைண்டர் பழுது பார்க்கும் ஒரு கடையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்ப்போம். போன் அடித்தால் அங்கே வரும் கேள்விகள் அநேகமாக இவைதான்: "கல் கொத்தித் தருவீங்களா? வீட்டுக்கு வந்து பார்ப்பீங்களா? பெல்ட் மாத்த எவ்வளவு ஆகும்?" இதையேதான் ஜனங்கள் கூகுளிலும் தட்டுகிறார்கள். போனில் தினமும் வாயால் சொல்லும் பதிலை எழுத்தில் வைப்பதுதான் பாதி வேலை. உங்கள் தொழில் தையலோ டியூஷனோ, முறை இதேதான்.

முதல் வேலை: கூகுள் பிசினஸ் புரொஃபைல்

வெப்சைட்டுக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். மேப்பில் கடை தெரிவது இதனால்தான், காசு கிடையாது. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்ததுதான் இது. உங்கள் ஜிமெயிலில் நுழைந்து கடைப் பெயர், வகை, முகவரி, நேரம், போன் நம்பர் கொடுங்கள். வீடு தேடிப் போய் வேலை செய்பவர் என்றால் எந்தெந்தப் பகுதிக்குப் போவீர்கள் என்றும் குறிக்கலாம். கடை உங்களுடையதுதானா என்று கூகுள் சரிபார்க்கும். அதற்குப் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். பெயர்ப்பலகை, தெரு, உள்ளே இருக்கும் கருவிகள் மூன்றும் ஒரே வீடியோவில் வருகிற மாதிரி எடுங்கள்.

பலகையில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். "முருகன் கிரைண்டர் சர்வீஸ்" என்பதை "முருகன் கிரைண்டர் சர்வீஸ் பெஸ்ட் ரிப்பேர் கோயம்புத்தூர்" என்று நீட்டுவது விதிமீறல். புரொஃபைலையே முடக்கிவிட வாய்ப்புண்டு. மேப் வரிசைக்கு கூகுள் பார்ப்பது மூன்று: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது, மற்ற இரண்டும் நம் கையில்.

முன்பு இந்தப் புரொஃபைலிலிருந்தே ஒரு இலவச வெப்சைட் கிடைத்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். அடுத்தவர் இடத்தில் கட்டியதற்கு அவ்வளவுதான் ஆயுள். அதனால் சொந்தமாக ஒன்று வேண்டும்.

டொமைன் உங்கள் பெயரில்

டொமைன் என்பது உங்கள் சைட்டின் முகவரிப் பெயர். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சைட்டை யார் வேண்டுமானாலும் செய்து தரட்டும், டொமைனை நீங்களே உங்கள் மெயில், உங்கள் போன் நம்பர் கொடுத்து வாங்குங்கள். செய்து தருபவர் தன் கணக்கில் வாங்கிவிட்டால், அவர் ஊர் மாறும்போதோ மனஸ்தாபம் வரும்போதோ உங்கள் முகவரியே கையை விட்டுப் போகும். டாட் இன், டாட் காம் எதுவானாலும் சரி. முதல் வருஷ விலை குறைவாகத்தான் காட்டுவார்கள், புதுப்பிக்கும் விலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஹெச்டிடிபிஎஸ் (https) கட்டாயம். சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை அது. அது இல்லாத சைட்டை 2018 ஜூலையிலிருந்து குரோம் "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது. அதற்கு வேண்டிய லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், அநேக ஹோஸ்டிங்கில் (சைட்டை வைக்க இடம் தரும் சேவையில்) ஒரு பட்டனில் வந்துவிடும். இதற்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

பக்கங்களை எழுதுவது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். முகப்பு ஒன்று, தொடர்புக்கு ஒன்று, அப்புறம் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிப் பக்கம். "எங்கள் சேவைகள்" என்று ஒரே பக்கத்தில் பத்து வரிப் பட்டியல் போட்டால், கல் கொத்த ஆள் தேடுகிறவருக்கு அது சரியான பதிலாகத் தெரியாது.

முதலில் டைட்டில், அதாவது பக்கத்துக்கு நீங்கள் கொடுக்கும் தலைப்பு. தேடல் முடிவில் பெரும்பாலும் அதுதான் நீல எழுத்தில் வரும். பல சைட்டுகளில் அது வெறும் "முகப்பு" என்றே கிடக்கிறது. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "வெட் கிரைண்டர் கல் கொத்துதல் – பீளமேடு, கோவை". வேலை என்ன, எந்த ஊர், இரண்டும் வந்துவிட்டது.

அடுத்து உள்ளே இருக்கும் பத்தி. "தரமான சேவை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்" என்ற வரியை எந்தக் கடையிலும் ஒட்டலாம், அதனால் பயனில்லை. இதைப் பாருங்கள்:

"மாவு நைசாக அரையவில்லையா, அரைக்க ரொம்ப நேரம் பிடிக்கிறதா? கல் தேய்ந்திருக்கலாம். டேபிள் டாப், டில்டிங் இரண்டு வகைக்கும் கல் கொத்தித் தருகிறோம். கிரைண்டரைக் கடைக்குக் கொண்டுவரலாம். பீளமேடு, ஹோப் காலேஜ் பக்கம் என்றால் வீட்டுக்கே வருவோம். கட்டணத்தைப் போனில் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்."

இதில் அலங்காரம் எதுவும் இல்லை, போனில் சொல்வதுதான். தேடுகிறவர் பயன்படுத்தும் சொற்கள் தானாகவே உள்ளே வந்துவிட்டன. முடிந்தால் கட்டணத்தையே எழுதுங்கள். நேராகச் சொல்கிற கடைமேல் நம்பிக்கை வரும்.

பிரஸ்ஸில் அடித்த நோட்டீஸைப் படமாகப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று விடுபவர்கள் நிறைய. படத்துக்குள் இருக்கும் எழுத்தை கூகுள் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எழுத்தை எழுத்தாகவே வையுங்கள். ஆங்கிலத்தில் தேடுபவர்களும் உண்டு என்றால் ஆங்கிலப் பக்கத்தைத் தனி முகவரியில் வையுங்கள், வரிக்கு வரி கலக்க வேண்டாம். போகாத ஊர் பெயரையெல்லாம் அடியில் அடுக்குவதும் வேண்டாம், அது ஸ்பேம் கணக்கில் சேரும். "மெட்டா கீவேர்ட்ஸ் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது விலை சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். பக்கத்தின் கோடுக்குள் மறைவாகத் தேடல் சொற்களை அடுக்கும் குறிச்சொல் அது; அதைத் தேடல் வரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது.

போனில் திறந்து பாருங்கள்

கூகுள் கணக்கில் எடுப்பது மொபைலில் தெரியும் பக்கத்தைத்தான். போன் நம்பரைத் தொட்டால் கால் போக வேண்டும். வாட்ஸ்அப் பட்டனும் வையுங்கள். அதன் லிங்கில் கூட்டல் குறி இல்லாமல் 91 சேர்த்து நம்பரைக் கொடுக்க வேண்டும். கேமராவில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாமல், அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற சிறிய அளவுப் பட வடிவத்தில் ஏற்றுங்கள். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற கூகுள் கருவியில் முகவரியைக் கொடுத்தால் வேகம் தெரியும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் வந்தால் நல்லது.

கூகுளுக்குச் சொல்வது

சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டியது என்றால் முதலில் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். சைட் கட்டும்போது டிக் போட்டுவிட்டு, எடுக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. டிக்கை எடுங்கள்.

அப்புறம் சர்ச் கன்சோலில் டொமைனைச் சேருங்கள். உங்கள் சைட் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி அது. அது தரும் டெக்ஸ்ட் ரெக்கார்டை (ஒரு வரி எழுத்து) டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (DNS) என்ற டொமைன் அமைப்புப் பகுதியில் ஒட்டினால் உரிமை உறுதியாகும். சைட்மேப் (உங்கள் பக்கங்களின் பட்டியல்) முகவரியைக் கொடுங்கள், வேர்ட்பிரஸ் 5.5 முதல் அதைத் தானே உருவாக்குகிறது. புதுப் பக்கத்தின் முகவரியை சர்ச் கன்சோலின் மேலே உள்ள பெட்டியில் இட்டு, இண்டெக்ஸ் செய்ய, அதாவது கூகுளின் தேடல் பட்டியலில் சேர்க்கக் கேட்கலாம். கேட்டதும் வந்துவிடாது, சில நாளோ சில வாரமோ ஆகும்.

சில வாரம் கழித்து பெர்ஃபாமன்ஸ் பகுதியைப் பாருங்கள். எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று இருக்கும். "டில்டிங் கிரைண்டர் மோட்டார் ரீவைண்டிங்" என்று தேடியவர்களுக்குப் பலமுறை தெரிந்தும் யாரும் தொடவில்லை, நீங்களும் அந்த வேலை செய்கிறீர்கள் என்றால், அடுத்து எழுத வேண்டிய பக்கம் அதுதான். "முதலிடம் கியாரண்டி" என்று போன் செய்கிறவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

ரிவியூ

வேலை முடிந்து கிரைண்டர் ஓடும்போதே கேட்பது நல்லது. புரொஃபைலில் கிடைக்கும் ரிவியூ லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ரிவியூவுக்குத் தள்ளுபடி தருவது விதிக்கு எதிரானது. கோபமாக எழுதியவருக்கு மரியாதையாகப் பதில் போடுங்கள், அடுத்து வருகிறவர் அதைத்தான் படிப்பார்.

தீபாவளி, பொங்கல் லீவு என்றால் புரொஃபைலில் சிறப்பு நேரத்தை முந்தைய வாரமே மாற்றிவிடுங்கள். திறந்திருக்கிறது என்று மேப் சொல்லி, கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பூட்டிய ஷட்டரைப் பார்த்தால், அவர் போடும் ஒரு நட்சத்திரத்தை அழிப்பது சுலபமில்லை.