மைனஸ் 20இல் கோழி வளர்ப்பு: முதல் குளிர்காலத்துக்குத் தயாராவது எப்படி?

கனடாவின் ஒன்டாரியோவில் வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழி வைத்திருப்பவர்கள், நவம்பர் பிறந்ததும் முதலில் கேட்பது, "கூட்டுக்குள் சூட்டு விளக்கு மாட்டணுமா?" என்றுதான். வேண்டாம். மரச்சீவலும் தூசியும் நிறைந்த இடத்தில் அந்த விளக்கு விழுந்தால் கூடே எரிந்துவிடும். கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் அந்தச் சூட்டை அதுவே காத்துக்கொள்ளும். இறகு நிறைந்த, நோயில்லாத பெரிய கோழி மைனஸ் 20ஐயும் தாங்கும். ஈரத்தைத்தான் தாங்காது.

1. முதலில் காற்றுக்கு வழி

என் முதல் குளிர்காலத்தில், குளிர் புகக்கூடாது என்று எல்லாச் சந்துகளையும் பிளாஸ்டிக் தாளால் அடைத்தேன். காலையில் பார்த்தால் ஜன்னலின் உட்புறம் முழுக்க வெண்பனி. சேவலின் கொண்டை நுனி வெளுத்திருந்தது, சில நாளில் கறுத்துவிட்டது. மூச்சில் வந்த ஈரமும் எச்சத்தின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் கூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. ஈரம் பட்ட கொண்டை சீக்கிரம் உறைந்துவிடும். அந்தச் சேவலை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

அதனால் கூரையை ஒட்டி, கோழி அடையும் உயரத்துக்கு மேலே, எதிரெதிராக இரண்டு திறப்புகள் வையுங்கள். இரவில் கோழி பிடிக்க வரும் ரக்கூன் என்ற காட்டு விலங்கு நுழையாதபடி கெட்டியான கம்பிவலை அடியுங்கள். கோழி உட்காரும் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் உள்ள சந்துகளை மட்டும் அடைத்தால் போதும். காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் அம்மோனியா நெடி ஏறினாலோ, கண்ணாடியின் உள்ளே பனி படிந்திருந்தாலோ திறப்பு போதவில்லை என்று அர்த்தம்.

2. தரையும் கட்டையும்

தரையில் மரச்சீவலை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள். நனைந்த இடத்தை அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அடையும் கட்டைக்கு உருட்டுக் கம்பு வேண்டாம். இரண்டுக்கு நாலு அங்குலப் பலகையை அகலப் பக்கம் மேலே இருக்கும்படி பொருத்துங்கள். அப்போதுதான் விரல்கள் தட்டையாக இருக்கும், வயிற்று இறகு அவற்றை முழுவதும் மூடும்.

3. தண்ணீர்

குளிர்காலத்தில் அதிக உழைப்பு கேட்பது இதுதான். தண்ணீர் உறைந்துவிட்டால் கோழி தீனியையும் குறைத்துவிடும், தீனி குறைந்தால் உடம்பில் சூடு ஏது? கூட்டுக்குப் பாதுகாப்பான மின் இணைப்பு இருந்தால் சூடேற்றும் தண்ணீர்ப் பாத்திரம் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு ரப்பர் தொட்டிகளை மாற்றி மாற்றி வையுங்கள். உறைந்த ரப்பர் தொட்டியைக் கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி கழன்று விழும். இரவில் தண்ணீரைக் கூட்டுக்குள் வைக்க வேண்டாம், அதுவும் ஈரம்தான்.

4. தீனி

வழக்கமான முட்டைக்கோழித் தீனியே போதும், கூடுதலாகத் தின்னும். அடைவதற்குச் சற்று முன் ஒரு கைப்பிடி நொறுக்கிய மக்காச்சோளம் கொடுங்கள். அது இரவில் செரிக்கும்போது உடம்புக்குச் சூடு கிடைக்கும். பகல் குறைவதால் முட்டையும் குறையும், அது நோயல்ல. இட்ட முட்டை உறைந்து வெடிக்கும் முன் பகலில் இரண்டு மூன்று முறை எடுத்துவிடுங்கள்.

5. கொண்டை உறைந்துவிட்டால்

தேய்க்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். காற்றடிக்காத, மிதமான குளிருள்ள அறையில் வைத்து மெதுவாகச் சூடேற விடுங்கள். கறுத்த நுனியை வெட்ட வேண்டாம், அடியில் உள்ள நல்ல சதைக்கு அதுவே மூடி. வீங்கினாலோ சீழ் வைத்தாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

இனிமேல்தான் கோழி வாங்கப்போகிறீர்களா? அப்படியானால் சாந்தெக்ளேர் இனத்தைத் தேடிப் பாருங்கள். கியூபெக்கின் ஓகா மடத்தில் சகோதரர் வில்ஃப்ரிட் என்ற துறவி இந்தக் குளிருக்கென்றே உருவாக்கிய இனம் அது. கொண்டையும் தாடியும் இருக்கும் இடமே தெரியாத அளவுக்குச் சிறியவை. உறைவதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை.