பின்பனியில் தளிர் வரும் நாட்கள்: புதியவர்களுக்கான இயற்கைப் படப்பிடிப்பு

மாசியும் பங்குனியும் நம் ஊரில் படமெடுக்க மிக நல்ல மாதங்கள். வசந்தம் என்றதும் உறைபனி உருகி மலர் எட்டிப் பார்க்கும் குளிர்நாட்டுப் படங்களே நினைவுக்கு வருவதால், தமிழ்நாட்டுச் சமவெளியில் அப்படியொரு மாற்றமே இல்லை என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். மாற்றம் இருக்கிறது, அதன் முறைதான் வேறு. இங்கே இலை உதிர்வதும் துளிர்ப்பதும் ஒரே மரத்தில், சில வார இடைவெளியில், சில நேரம் அடுத்தடுத்த கிளைகளிலேயே நடந்துவிடுகின்றன. ஒரு கிளையில் அரசிலை பழுத்து உதிரும்போது பக்கத்துக் கிளையில் செம்பு நிறத் தளிர் பளபளக்கும். இந்த இரண்டையும் ஒரே படத்துக்குள் கொண்டுவருவதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். கைபேசியே போதும். கேமரா வைத்திருப்பவர்களுக்கான அமைப்புகளையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

படி 1: நடந்து போகும் தொலைவில் ஓர் இடம்

தொலைதூரச் சுற்றுலாத் தலம் வேண்டாம். வாரம் ஒருமுறையாவது விடியற்காலையில் போய்வரக்கூடிய இடமாகப் பாருங்கள். ஏரிக்கரை, கண்மாய்க்கரை, ஆற்றோரம் எதுவானாலும் சரி. தண்ணீரோ தாழ்வான வயலோ இருந்தால் மூடுபனி கிடைக்கும். இலையுதிர்க்கும் மரம் ஒன்றாவது இருக்க வேண்டும்: அரசு, புங்கை, இலுப்பை, முள்ளிலவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று.

சூரியன் எங்கே உதிக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தை தொடக்கத்தில் அது நேர்கிழக்கிலிருந்து 20 டிகிரிக்கும் மேல் தெற்கே தள்ளி உதிக்கிறது. மார்ச் 20 வாக்கில் நேர்கிழக்குக்கு வந்துவிடுகிறது. கையை நீட்டி மூடிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. அதாவது இரண்டு முட்டி அகலத்துக்குச் சூரியன் இடம் மாறுகிறது. தை மாதத்தில் பனைக்குப் பின்னால் உதித்த சூரியன் பங்குனியில் அந்தப் பனையை விட்டு நன்றாக விலகியிருக்கும். எந்த வாரம் எங்கே நிற்பது என்பதை இதை வைத்தே திட்டமிடலாம்.

படி 2: முந்தைய இரவு

பேட்டரியை முழுதாக ஏற்றிவிடுங்கள். கைபேசி லென்ஸை மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள்; விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் எதிர்வெயில் படம் எடுத்தால் எல்லாமே வெளிறிப்போகும். குளிர்சாதன அறையில் இருந்த கேமராவை ஈரக் காற்றுக்குள் எடுத்துச் சென்றால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, பிறகு திறங்கள்.

படி 3: மூடுபனி இருக்கும்போதே

மேகமில்லாத, காற்றில்லாத இரவுக்குப் பிறகுதான் பெரும்பாலும் மூடுபனி கிடைக்கும். தரை வெப்பத்தை வானுக்கு விட்டுக் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே கரைமேல் நின்று கீழே பாருங்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே அங்கே இருக்க வேண்டும். நம் நிலப்பகுதி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் சாய்வாக ஊர்ந்து வராமல் ஏறக்குறைய செங்குத்தாக மேலேறுகிறது. மெல்லிய ஒளி ஒரு மணி நேரம்கூட நீடிப்பதில்லை.

கேமராவுக்கு மூடுபனியின் வெண்மை புரியாது. அதிக வெளிச்சம் என்று நினைத்துப் படத்தை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். கைபேசியில் திரையைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே இழுங்கள். கேமராவில் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 முதல் +1 வரை வையுங்கள். வெண்சமநிலையை (ஒளியின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) தானியங்கியில் விடாமல் 'பகல் ஒளி'யில் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் விடியலின் நீலத்தையும் பொன்னிறத்தையும் கேமரா 'திருத்தி' அழித்துவிடும்.

வெறும் மூடுபனி படமாகாது. அருகில் கரியதாக ஏதாவது வேண்டும்: ஒற்றைப் பனை, மதகுக் கல், அசையாமல் நிற்கும் கொக்கு. பங்குனி நெருங்க நெருங்க மூடுபனி குறைந்து புழுதி மங்கல் கூடும். அப்போது தொலைவில் உள்ள காட்சிகளை விட்டுவிட்டு அருகில் இருப்பவற்றுக்கு வாருங்கள்.

படி 4: தளிரை எதிர்வெயிலில் பாருங்கள்

இந்தப் பருவத்தின் உயிரே இதுதான். இளந்தளிர் மெல்லியது, ஒளியை உள்ளே விடும். முற்றிய இலை அவ்வளவாக விடாது. வெயிலை முதுகுக்கு வைத்து எடுத்தால் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. சூரியன் இலைக்குப் பின்னால் இருக்குமாறு நின்று பாருங்கள். அரசந்தளிர் விளக்கேற்றியதுபோல் சிவந்து எரியும்; நடுநரம்பும், அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும், வால்போல் நீண்ட நுனிவரை துல்லியமாகத் தெரியும். பக்கத்தில் இன்னும் உதிராத பழுப்பிலை ஒன்று இருந்தால் அதையும் சட்டகத்துக்குள் சேருங்கள்.

பின்னணியில் நிழல் விழுந்த கரிய இடம் இருக்கட்டும், வானம் வேண்டாம். லென்ஸில் நேர்வெயில் படாமல் இடது கையால் நிழல் கொடுங்கள். கேமராவில் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு) எஃப் 4 அல்லது 5.6, ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக. தளிர்க்காம்பு சிறு காற்றுக்கும் ஆடும் என்பதால் வேகத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தேவையானால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 400, 800 என்று உயர்த்திக்கொள்ளலாம். புங்கந்தளிரின் மினுமினுப்பு நிறத்தை மறைத்தால் லென்ஸ்முன் பொருத்தும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைச் சுழற்றிப் பாருங்கள்.

படி 5: சிவந்த பூக்கள்

முள்ளிலவு இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கிளையில் பூக்கும். தடித்த ஐந்து இதழ்கள், கிண்ணம் நிறையத் தேன். காகம், மைனா, கரிச்சான், தேன்சிட்டு என்று காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். பறவைகளைத் துரத்திச் செல்லாதீர்கள். நல்ல கிளை ஒன்றில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருங்கள். அவை அங்கேயே திரும்பத் திரும்ப வரும்.

இங்கே புதியவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. சிவப்புப் பூவைப் படமெடுக்கும்போது மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, இதழின் மடிப்பும் வரியும் மறைந்து, சிவப்புத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை -0.7 வரை குறையுங்கள். கேமராவில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவின் வரைபடம்) இருந்தால், சிவப்பு வரைபடம் வலது விளிம்பில் முட்டுகிறதா என்று பாருங்கள். கல்யாண முருங்கைக்கும் இதே கணக்குத்தான்.

மரத்தடியில் விழுந்து கிடக்கும் பூக்களையும் மறக்காதீர்கள். குனிந்து, கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தரையை ஒட்டியிருக்கும்படி எடுத்தால் முன்னால் பூவும் பின்னால் மரமும் ஒரே படத்தில் அமையும்.

படி 6: மலைக்குப் போனால்

உதகையில் தலைக்குந்தா, காந்தல் பகுதிகளின் தாழ்வான புல்வெளிகளில் குளிர்காலத்தில் உறைபனி படியும். வெயில் பட்டதும் உருகிவிடும் என்பதால் நிழலுக்கும் வெயிலுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டில் படமெடுங்கள். அதே குளிரில் சோலைக்காட்டு ஓரங்களில் காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்து நிற்பதையும் காணலாம்.

ஆனால் அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகவே கூடாது. காய்ந்த புல்லில் தீ பரவும் காலமும் இதுதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற பலர் உயிரிழந்தார்கள். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது. சாலையோரத்திலிருந்து கிடைப்பதே நிறைய.

படி 7: ஒரே சட்டகம், வாரந்தோறும்

மற்ற படங்களை எடுத்து முடித்த பிறகு, ஒரு படத்தை மட்டும் ஒவ்வொரு வாரமும் அதே இடத்திலிருந்து எடுங்கள். மதகுக் கல், மைல்கல் போன்ற அசையாத ஒன்றின்மேல் கேமராவை வையுங்கள். அதே லென்ஸ், அதே உயரம், ஏறத்தாழ அதே நேரம். முந்தைய வாரப் படத்தைக் கைபேசியில் திறந்துவைத்து, கிளை எந்த மூலையில் தொடங்குகிறது என்பதை ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். கட்டக் கோடுகளை இயக்கியிருந்தால் இது எளிது. விரல் அழுத்தத்தில் அசையாதிருக்க 2 நொடி டைமர் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து திருத்தும்போது நிறச்செறிவைக் கூட்டாதீர்கள். தளிரின் செம்புக்கும் பூவின் சிவப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு அதில்தான் முதலில் அழிகிறது. கோணலைச் சரிசெய்யுங்கள், நிழலைச் சிறிது தூக்குங்கள், அத்துடன் விடுங்கள். வாரப் படங்களுக்கு ஒரே அளவு திருத்தத்தையே கொடுங்கள். கோப்பின் பெயரில் தேதியையும் மரத்தின் பெயரையும் சேருங்கள். சித்திரையில் கொன்றை பூக்கத் தொடங்கும்வரை இதைத் தொடர்ந்து எடுங்கள்.