கட்டுக்காப்பு வழக்குக்கு நடுவே, துன்புறுத்தப்பட்டதாகப் பிள்ளை சொன்னால்

இலங்கையில் விவாகரத்தும் பிள்ளையின் கட்டுக்காப்பும் (பிள்ளை யாரிடம் வளர்வது என்பது) மாவட்ட நீதிமன்ற விஷயம். பிள்ளையைத் துன்புறுத்துவது குற்றம். அது பொலிஸ் வழியாக நீதவானிடம் போகும். கட்டுக்காப்பு மனுவில் துன்புறுத்தல் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் பொலிஸுக்குப் போகாமல் இருந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பிள்ளை வாய் திறந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், துருவாதீர்கள். "அப்பாதானே செய்தார்?" என்று கேட்ட கணமே பதில் உங்களுடையதாகிவிடும். அப்பாயி, பெரியம்மா, பக்கத்து லயத்துக்காரர் என்று ஆளாளுக்குச் சொல்ல வைத்தால் சொல் மாறும்; மாறிய சொல்லை நீதிமன்றம் நம்பாது. கொப்பியில் இப்படி எழுதினால் போதும்: ஞாயிறு இரவு 7 மணி, தலை வாரும்போது, கேட்காமலே சொன்னாள். அடுத்து அவளுடைய வார்த்தை, அப்படியே. போனில் வீடியோ எடுத்து உறவினருக்கு அனுப்புவது வழக்கையும் கெடுக்கும், பிள்ளையையும் கெடுக்கும்.

அன்றே 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச எண் அது. இல்லாவிட்டால் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போங்கள். தோட்டத் தலைவர் முன்னிலையில் பேசித் தீர்க்கும் விஷயமல்ல இது.

பாலியல் தொல்லை என்றால் சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்வரை குளிப்பாட்டவோ துணியைத் துவைக்கவோ வேண்டாம். துணியைக் காகிதப் பையில் வையுங்கள். நம்மூர் ஈரத்தில் பொலித்தீன் பைக்குள் பூஞ்சணம் பிடித்துத் தடயம் அழியும். காயம் இல்லை என்று அறிக்கை வந்தாலும் புகார் பொய்யாகிவிடாது. இத்தகைய துன்புறுத்தல்களில் பெரும்பாலானவை உடலில் அடையாளம் விடுவதில்லை.

அச்சுறுத்தல் தொடர்ந்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள், முழுக் கட்டளை அதிகபட்சம் 12 மாதம். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் நீங்களா? பள்ளிக்கூட வாசலிலோ பிள்ளைக்காம்பராவிலோ (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்) போய் நிற்காதீர்கள். சாட்சியை மிரட்டினார் என்று அதுவே திரும்பும். பிள்ளையை வேறொருவர் முன்னிலையில் சந்திக்கச் சட்டத்தரணி மூலம் அனுமதி கேளுங்கள். சொல்லப்படும் நேரத்தில் வேலையில் இருந்திருந்தால் செக்ரோல் (தோட்ட வேலை வரவுப் பதிவேடு) பதிவின் பிரதியை உடனே எடுத்து வையுங்கள்.

தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பதும் குற்றம்தான். ஆனால் நிரூபிக்க முடியாத புகார் எல்லாம் பொய்ப் புகார் ஆகாது.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, சரியென்றால் மட்டும் கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டு வெளியே வாருங்கள்.